பேச்சுக்கு முன் ஒரு சின்ன வேலை

மேசைக்கு அடியில் நெவில் பாஸ்கோவின் போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. 'டிஸ்க் 98 சதவீதம் நிரம்பிவிட்டது.'

கிளேர் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டம் ஒன்றில் அவருடைய ஒரே மகள் கெரன்சாவின் கல்யாண விருந்து. ஆட்டுக்கறி பரிமாறியாகிவிட்டது. அடுத்தது பெண்ணின் அப்பா பேச வேண்டும். வெளியே வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. எங்கும் நெருப்பு மூட்டத் தடை. எண்பது கிலோமீட்டர் தள்ளி, வரூண்டா ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அழைப்பு போவதே இந்தச் செய்தியை அனுப்பிய லினக்ஸ் சர்வர் வழியாகத்தான். அது படுத்துவிட்டால், ஊர் பற்றி எரிந்தாலும் படைக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாகச் சம்பளமில்லாமல் அதைக் கட்டி மேய்ப்பவர் நெவில். வேறு யாரையும் தொட விடமாட்டார். அது இருக்கும் அலமாரியின் சாவிகூட அவர் பையில்தான்.

"போனை உள்ள வை, நெவ்," என்று மனைவி க்ளெனிஸ் பல்லைக் கடித்தாள்.

"ரெண்டே நிமிஷம்."

"உன் ரெண்டு நிமிஷத்த முப்பது வருஷமா பாக்கறேன்."

போனிலேயே சர்வருக்குள் போய், இருப்பதிலேயே பெரிய பதிவுக் கோப்பை அழித்தார். இடம் இம்மியும் கூடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை, அழித்தாலும் இடம் திரும்பாது. இது அவருக்குத் தெரியாததல்ல. சரி, புரோகிராமை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டுவோம் என்று நினைத்தார். நின்றது, திரும்ப ஓடவில்லை.

காரணம் தேடப் போனால், வெளியிலிருந்து யாரோ ஆயிரக்கணக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்திருந்தார்கள். இணையத்தில் இருக்கும் எந்தச் சர்வருக்கும் இது தினப்படித் தொல்லை. பதற்றத்தில் அவருக்கு அது கொள்ளையாகத் தெரிந்தது.

"திருட்டுப் பய!" என்றார், சத்தமாக.

"யாருப்பா?" வெள்ளை கவுனோடு கெரன்சா பக்கத்தில் நின்றாள்.

"உன் புருஷன்தான். என் பொண்ணையே தூக்கிட்டுப் போறானே."

அவள் சிரித்தாள். "பேச்சு ரெடியா? அழ வெச்சிடாதப்பா, கண் மையெல்லாம் கலைஞ்சிடும்."

"தாள் கார்ல இருக்கு. இதோ எடுத்துட்டு வரேன்."

பொய். தாள் கோட்டுப் பையில்தான் இருந்தது. மூன்று வாரம் அடித்து அடித்து எழுதியது.

காரில் உட்கார்ந்து, வெளியாரைத் தடுக்கும் சர்வரின் பாதுகாப்புச் சுவரை இறுக்கினார். முதலில் தனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் மற்றதை அடைக்க வேண்டும். அவசரத்தில் முதலிலேயே எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். திரை அப்படியே உறைந்தது. உட்கார்ந்திருந்த கிளையை அவரே வெட்டியாயிற்று; இனி நேரில் போனால்தான் உள்ளே நுழைய முடியும்.

தீயணைப்பு நிலையத்துச் செயலாளர் ஜோய்லீனுக்குப் போன் செய்யலாம். ஆனால் சாயங்காலத்துக்குள் ஊரே சிரிக்கும். அதோடு, பூட்டிய அலமாரியை அவள் எப்படித் திறப்பாள்? நெவில் காரைக் கிளப்பினார்.

வழியில் ஸ்பால்டிங் ஊரைத் தாண்டும்போது க்ளெனிஸ் அழைத்தாள். "எங்க இருக்க?"

"வரூண்டாவுக்குப் போய்ட்டிருக்கேன். சர்வர்..."

"மாப்பிள்ளையோட அப்பா கையில மைக்கக் குடுத்துட்டோம். கெரன்சா உன் நாற்காலியையே பாத்துட்டிருக்கா." வைத்துவிட்டாள்.

திரும்பிவிடலாமா? இருபுறமும் காய்ந்த புல். ஊரில் நூற்றிருபது வீடுகள். பாவி, எல்லாவற்றையும் நானேதானே கெடுத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

வரூண்டா நிலையத்துக் கொட்டகையில் இரண்டு தீயணைப்பு வண்டிகளையும் காணோம். ஜோய்லீன் மட்டும் ரேடியோ பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியெல்லாம் எங்க?"

"ஹேமண்ட் பண்ணையில புல்லு பத்திக்கிச்சு. அழைப்பு வந்த அஞ்சாவது நிமிஷம் எல்லாரும் கிளம்பிட்டாங்க. இப்ப அணைச்சாச்சு. ஆமா, நீ என்ன கோட்டும் பூவுமா இங்க வந்து நிக்கற?"

"அழைப்பா? எப்படிப் போகும்? சர்வர் செத்துக் கெடக்கே!"

ஜோய்லீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பழசா? ரெண்டு மாசம் முன்னாடியே கெரன்சா வந்து, உனக்குத் தெரியக்கூடாதுன்னு பழசச் சும்மா ஓட விட்டுட்டு, எல்லாத்தையும் புது மெஷினுக்கு மாத்திட்டாளே நெவ். கல்யாணத்தன்னிக்காவது அப்பா நிம்மதியா என் பக்கத்துல உக்காரட்டும்னா. உன் பேச்சு முடிஞ்சதும் அவளே சொல்றதா இருந்தாளே, சொல்லலையா?"