சித்தப்பாவிடம் பிடிபட்ட கசிவு

குளிரூட்டி திருத்துகிறவருக்குக் கண்ணும் மூக்கும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். பயிற்சி முடித்த புதிதில் எனக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. என்னிடம்தான் மெஷின் இருந்ததே!

நீண்டு வளைந்த மூக்கோடு, வாயு கசியும் இடத்தில் கீச்சிடும் கருவி அது. ஜெயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன். (தேத்தண்ணி பிறகுதான்.)

ஒருநாள் காலை முள்ளிவாய்க்காலிலிருந்து சித்தி போன் எடுத்தார். அங்கே அவர் மீன் குளிர் அறை ஒன்று நடத்துகிறார்.

"மகள், ரூம் குளிரேல்லை. உள்ளுக்கு நானூறு கிலோ இறால் கிடக்கு. நாலு மணிக்கு லொறி வரும். உருகினதை அவங்கள் ஏத்தமாட்டாங்கள். பழைய மெக்கானிக்கைக் கூப்பிடட்டே?"

"அவர் என்னத்துக்கு? நான் வாறன்" என்றேன். நான் தனியாகப் போன முதல் வேலை அது.

மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. மைனஸ் பதினெட்டில் இருக்கவேண்டிய அறை மைனஸ் ஒன்பதில் நின்றது. அழுத்தமானியைப் பூட்டினேன். பதினெட்டுக்குக் கிட்ட நிற்கவேண்டிய முள் ஆறில் கிடந்தது. வாயு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. இதுவரை நான் சரி.

மெஷினைப் போட்டேன். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் அது கத்தத் தொடங்கியது. அந்தச் சுவரோடு கதிரை போட்டுச் சித்தப்பா இருந்தார்.

"சுவருக்குள்ளதான் லீக். உடைக்கவேணும்."

சித்தியின் முகம் கறுத்தது. "வடிவாப் பாத்தனியே?"

"மெஷின் பொய் சொல்லாது, சித்தி."

சித்தப்பாவே எழுந்து சுத்தியலை எடுத்தார். அவர் ஒவ்வொரு அடி போடும்போதும் மெஷின் இன்னும் உரத்துக் கத்தியது. "பாத்தீங்களே?" என்றேன் பெருமையாக. ஒரு மணிநேரத்தில் வெளிச்சுவரில் கதவளவு ஓட்டை. உள்ளே குழாய் பளபளவென்று, கீறல்கூட இல்லாமல் இருந்தது. சித்தப்பா தண்ணி குடிக்கப் போனார். மெஷின் சத்தத்தை நிறுத்திவிட்டது.

அறை மைனஸ் ஆறு.

பின்பக்கம் ஓடினேன். சித்தப்பா டோர்ச் பிடிக்க வந்தார். மெஷின் கத்தியது. முன்பக்கம் வந்தேன். அவரும் வந்தார், சத்தமும் வந்தது. "முழுக் குழாயையும் மாத்தவேணும் போல கிடக்கு" என்றேன். மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சித்தி என் கையிலிருந்து மெஷினை வாங்கினார். குழாயைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார், மெல்லக் கீழே இறக்கினார். சாரக் கட்டுக்கு வந்ததும் மெஷின் அலறியது.

"இஞ்சாருங்கோ, மடியில என்ன?"

மூடி சரியாக இறுகாத சாராயக் கால் போத்தல். நாலு மாதத்துக்கு முன் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர் சித்தப்பா. வாயு கண்டுபிடிக்கும் கருவி மதுசாரத்தின் ஆவிக்கும் கத்தும் என்று பயிற்சியில் படிப்பித்திருந்தார்கள். (அண்டைக்கு நான் கடைசி வரிசை வாங்கில் நித்திரை.)

"உங்கட கதையைப் பிறகு பாப்பம்" என்றார் சித்தி அவரிடம். என் பக்கம் திரும்பினார். "இறாலுக்கு என்ன வழி?"

மணி இரண்டரை. குசினியிலிருந்து சவர்க்கார நுரை கொண்டுவந்து ஒவ்வொரு பொருத்தாகத் தடவினேன். குளிரூட்டி இயந்திரத்துக்குப் பக்கத்தில், முதல் பித்தளை நட்டிலேயே குமிழி புசுபுசுவென்று கிளம்பியது. வந்தவுடன் அதில் எண்ணெய்க் கறை பார்த்திருந்தேன். எண்ணெய் தெரிந்தால் அங்கேதான் கசிவு. நானோ, வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று துணியால் துடைத்துவிட்டிருந்தேன்.

நட்டை இறுக்கினேன். குமிழி நின்றது. வாயுவை மெல்ல ஏற்றினேன். பத்து, பதின்மூன்று, பதினேழு. மூவரும் முள்ளையே பார்த்தோம். அறை மறுபடி குளிரத் தொடங்கியது. லொறி ஐந்துக்குத்தான் வந்தது. ஏற்ற வந்தவர் ஒரு இறாலை எடுத்துத் தரையில் போட்டார். கல்லுப்போலச் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா அன்றோடு உண்மையாகவே குடியை விட்டார். ஆனால் என்னோடு ஒட்டி நிற்பதையும் விட்டுவிட்டார். போன வருடம் எடுத்த என் கல்யாணப் படத்தில் எல்லாரும் தோளோடு தோள் நிற்க, அவர் மட்டும் ஓரமாக, இன்னும் இரண்டு பேர் நிற்கக்கூடிய இடைவெளி விட்டு நிற்கிறார். படத்தைப் பார்க்கிறவர்கள் யாரென்று கேட்பார்கள்.

அம்மா சொல்லுவா: "அவர் மாப்பிளை பகுதியில்லை. எங்கட ஆள்தான். மகள் கண்டுபிடிச்ச முதல் லீக்."