மேலதிகாரியை முந்தாத மின்சாரம்

உலகம் இதுவரை கண்ட நிர்வாகங்களிலேயே ஒழுக்கத்தில் சிறந்தது, யாய்சு துறைமுகத்தில் உள்ள எங்கள் மீன் அரைக்கும் ஆலையின் நிர்வாகம்தான். இதை, அதன் கடைநிலை எழுத்தன் என்ற முறையில், அடக்கத்தோடு அறிவிக்கிறேன். இங்கே மின்சாரத்துக்கே மரியாதை தெரியும்.

அந்த மரியாதையைக் 'கோளாறு' என்று சொன்னவர் மின் பொறியாளர் ஷியோபரா. மே மாதம் அவர் எங்கள் காச்சோ, அதாவது பிரிவுத் தலைவர், நுகாகாவிடம் வந்தார்.

"அரைக்கிற மோட்டாரால கரண்ட் பின்தங்குது, காச்சோ. வோல்டேஜ் உச்சிக்குப் போய் இறங்குறப்பதான் கரண்ட் உச்சிக்கு வருது. அதனால பாதி கரண்ட் வேலை செய்யாம சும்மா போயிட்டுப் போயிட்டு வருது. டிரான்ஸ்ஃபார்மர்தான் கொதிக்குது."

"வோல்டேஜ்ங்கிறது?"

"தள்ளுறது."

"அப்போ மேலதிகாரி. கரண்ட்?"

"ஓடுறது."

"அப்போ நாம. நாம பின்னாடி வர்றது தப்பா, ஷியோபரா சான்? முப்பத்தொரு வருஷமா, இயக்குநர் கிளம்பாம நான் கோட்டு மாட்டினதில்ல."

"கெப்பாசிட்டர் வெச்சா ரெண்டும் சேர்ந்து வரும். வெக்கலைன்னா ஆகஸ்டுல குளிர்கிடங்கு போயிடும். பதினோரு டன் மீன், காச்சோ."

நாங்கள் நவீனமானவர்கள். கோரிக்கைத் தாள் உடனே 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு ஏழு முத்திரைகள் வேண்டும். கீழே உள்ளவர் தன் பெயர் முத்திரையை இடப்பக்கம் சாய்த்துக் குத்தவேண்டும். பக்கத்துக் கட்டத்து மேலதிகாரிக்குப் பெயரே வணக்கம் சொல்வதாக ஏற்பாடு.

ஜூனில் தாள் காச்சோவிடமிருந்து ஷியோபராவுக்கே திரும்பி வந்தது.

"உங்க முத்திரை நிமிர்ந்து நிக்குதே."

"பேரு தெளிவாத் தெரியட்டும்னு நேரா வெச்சேன்."

"தெரிய வேண்டாம். குனியணும்."

குனிந்தது. ஜூலையில் மறுபடி வந்தது.

"என்னைவிட அதிகமாக் குனிஞ்சிருக்கீங்க. பாக்கறவங்க எனக்குப் பணிவு பத்தலைன்னு நினைக்க மாட்டாங்களா?"

மூன்றாம் முறை ஷியோபரா கோணமானி வைத்து அளந்து குத்தினார். தாள் ஆறாவது மேசையை அடைந்த ஆகஸ்ட் வாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. பதினோரு டன் மீனும் தன் நிலைமையைத் துறைமுகம் முழுக்க, மூக்கு மூக்காக, அறிவித்தது.

விசாரணைக் குழு நேர்மையானது. தாளில் 'சாய்வுக் குறை ஏதுமில்லை' என்று முதலில் பதிவு செய்தது. பிறகு குற்றவாளியைக் கண்டுபிடித்தது: ஷியோபரா. குற்றம்: மேலதிகாரிகளுக்கு முன்பாகவே விஷயத்தைத் தெரிந்துகொண்டது.

அவரை வடக்கே ஒரு பெட்டிக் கிடங்குக்கு மாற்றும் உத்தரவை நான்தான் எழுதினேன். அதற்கும் ஏழு முத்திரைகள். காலை பத்து மணிக்கு மேசையை விட்டுப் போன தாள் பத்தரைக்குத் திரும்பி வந்துவிட்டது. மேலிருந்து தள்ளியதும் கீழே ஓடியதும் அன்று ஒரு நொடிகூடப் பிசகவில்லை. வேலை முழுதாக நடந்தது.

முதல் முத்திரை என்னுடையது. சாய்வு கச்சிதம் என்று காச்சோ பாராட்டினார்.