சரி சேர்மன் வீட்டுப் பூப்பந்து மைதானம்

இந்தப் பூமியில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, முனிசிபல் சேர்மனும் ஆகி, ‘முடியாது’ என்ற வார்த்தையே வாயில் வராமல் காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் ஊர் சரி சேர்மன்தான். நன்கொடை கேட்டால் சரி. சிபாரிசு கேட்டால் சரி. எதிர்க்கட்சி ஆள் ஒருவன் வீடு தேடி வந்து, “நீங்க ராஜினாமா பண்ணணும் சார்” என்றான். அதற்கும் “சரி” என்றார். வந்தவன் வெலவெலத்துப் போய், “இப்பவே வேணாம் சார், மெதுவா பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அறுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது. தாம்பரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ரயில் பாதையை ஒட்டிய சின்ன முனிசிபாலிட்டி. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே குமாஸ்தா. கவுன்சில் கூட்டத்தில் யார் எப்படிக் கத்தினாலும் அதை நல்ல தமிழாக்கி எழுதுவது என் உத்தியோகம். ஒருவர் இன்னொருவரை “யோவ்!” என்றால், ‘கனம் உறுப்பினர் அவர்களின் கவனத்திற்கு’ என்று எழுத வேண்டும். அந்த ஊரில் நான் எழுதிய பொய்க்கு அளவே கிடையாது.

இவர் சேர்மன் ஆனதே ஒரு கூத்து. ஊரில் கிழக்கு வார்டுக்கும் மேற்கு வார்டுக்கும் ஆகாது. கிழக்கின் தலைவர் விறகுத்தொட்டி வைத்திருந்த முத்துசாமி. மேற்கின் தலைவர் மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் சாமுவேல். இவர் வந்தால் அவருக்குப் பிடிக்காது, அவர் வந்தால் இவருக்குப் பிடிக்காது. கடைசியில், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் ஒருவரை நாற்காலியில் உட்காரவைப்பது என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டயராகி, ஊருக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு, சாயங்காலமானால் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். போய்க் கேட்டார்கள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதவும் வேண்டுமா?

அந்தப் பூப்பந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டை ஒட்டி அவருக்குக் காலி மனை ஒன்று இருந்தது. அதைச் சமன் செய்து, சாணி தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, வலை கட்டி வைத்திருந்தார். மாலையில் மஞ்சள் கம்பளிப் பந்தை ஒரு தட்டு தட்டினால்தான் அவருக்கு ராத்திரி சோறு இறங்கும். “என்னை ஒரு நாளாவது இப்படி ஆசையாப் பார்த்திருப்பாரா? அந்த மண்ணைப் பார்க்கிறதைப் பாருங்க” என்பார் அவர் மனைவி. புல் ஒன்று முளைத்தால்கூட உட்கார்ந்து விரலால் பிடுங்குவார். உலகத்தில் அவர் தனக்கென்று வைத்திருந்தது அந்த மைதானம் ஒன்றுதான்.

ஆட்டத்திலாவது ஜெயிப்பாரா என்றால் அதுவும் இல்லை. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்திருக்கும். எதிர்ப்பக்கம் “அவுட்!” என்று கத்தும். “சரி” என்பார். சரி, ஆள் ஆட வேண்டாம், அம்பயராக இருக்கட்டும் என்று உயரமான ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். அது அதைவிட மோசம். “சார், பாயிண்ட் எங்களுக்கு!” என்று ஒரு கட்சி கத்தியது. “சரி” என்றார். “அது எப்படி சார்? எங்களுக்குத்தான்!” என்றது மறு கட்சி. “அதுவும் சரிதான்” என்றார். இருட்டுகிற நேரத்தில் இரண்டு கட்சியும், ஜெயிக்க ஒரே பாயிண்ட் பாக்கியாக, இருபத்தெட்டில் நின்றன. அன்றைய பந்தயக் கோப்பையை யார் கொண்டுபோனார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொரு தடவை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டுவிட்டார். ஒன்று சர்ச்சில், ஒன்று சத்திரத்தில். இரண்டு இடத்திலும் மாலையோடு காத்திருந்தார்கள். வழியில் மூன்றாவது ஒரு கல்யாண வீட்டார் சும்மா மரியாதைக்கு, “உள்ள வந்து ஒரு வாய் காப்பி சாப்பிட்டுப் போங்க சார்” என்று கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாத அந்த மாப்பிள்ளைக்குத் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தார் மனுஷர்.

இப்படிப்பட்டவரிடம்தான் மேற்குக் கோடியில் குடியிருந்த எஸ்தர் டீச்சர் வந்து நின்றார். கணவரை இழந்தவர். மூன்று பெண்களோடு தரைமட்டத்துக்கும் கீழே இறங்கிப்போன ஒரு வீட்டில் இருந்தார். மழை வந்தால் தெருச் சாக்கடை முழுக்க அவர் சமையலறைக்குள் வரும். அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துச் சமைப்பார்.

“சார், எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. இந்த மழைக்காலத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. என் சின்னப் பொண்ணு போன வருஷம் டைபாய்டுல பிழைச்சு வந்ததே பெரிசு” என்றார்.

“சரிம்மா” என்றார் சேர்மன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எல்லோருக்கும் கொடுக்கிற சரிக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

ஆனால் சாக்கடைத் திட்டம் நிஜமாகவே கவுன்சிலுக்கு வந்தது. முதலில் போட்ட எஸ்டிமேட்டில் கழிவுநீரை ஊருக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தது. செலவைப் பார்த்ததும் எல்லோருக்கும் தலை சுற்றியது. அத்தனைக்கும் வீட்டு வரியை ஏற்றினால் அடுத்த தேர்தலில் டெபாசிட் போய்விடும். ஊருக்குள்ளேயே ஒரு இடத்தில் தொட்டி கட்டித் தேக்கி, முனிசிபல் லாரியில் அள்ளிக்கொண்டு போகலாம் என்று சிக்கனமாக யோசித்தார்கள். எங்கே தொட்டி கட்டுவது?

“தபார் சார், எங்க தெருவுல தண்ணி நின்னுகினு கீது, அது போவணும். அவ்ளோதான். மேக்கால அனுப்பு!” என்றார் முத்துசாமி.

“நோ, நோ! எங்க வார்டு என்ன உங்க ஊர்க் குப்பைத்தொட்டியா மிஸ்டர்? ஸ்லோப் கிழக்கேதான் இருக்கணும்” என்றார் ஹெட்மாஸ்டர்.

“சரி” என்றார் சேர்மன். யாருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டு பேருக்கும் பொதுவாக எழுதிக்கொண்டேன்.

இங்கே எங்கள் முனிசிபாலிட்டியின் ஒரு சம்பிரதாயத்தைச் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்தால் எதிர் ஓட்டலில் இருந்து வாழைக்காய் பஜ்ஜி வரும். சூடாக வரும். கூட்டம் முடியாமல் பஜ்ஜியைத் தொடக் கூடாது. அதனால் பியூன் தட்டோடு வாசலில் வந்து நின்று வாசனை உள்ளே நுழைந்துவிட்டால், மிச்சமிருக்கும் தீர்மானங்கள் எல்லாம் எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடும். நான் படிப்பேன். சேர்மன், “ஆட்சேபணை உண்டா?” என்பார். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். “சரி, நிறைவேறியது.” அந்த ஊரின் பாதிச் சட்டங்கள் பஜ்ஜி ஆறிவிடும் என்ற பயத்தில் பிறந்தவை.

அன்றைக்கு வாசனை வந்தபோது இரண்டு தீர்மானங்கள் பாக்கி. கிழக்கு வார்டுச் சாக்கடை மேற்கு நோக்கிச் சரிய வேண்டும் என்பது ஒன்று. மேற்கு வார்டுச் சாக்கடை கிழக்கு நோக்கிச் சரிய வேண்டும் என்பது மற்றொன்று. நான் படித்தேன். ஆட்சேபணை உண்டா? இல்லை. சரி, நிறைவேறியது. மறுபடி படித்தேன். ஆட்சேபணை உண்டா? அதற்குள் முத்துசாமி எழுந்து சட்டினியைத் தேடிக்கொண்டிருந்தார். சரி, அதுவும் நிறைவேறியது. படித்த எனக்கே உறைக்கவில்லை, எனக்கும் பசி.

எங்கள் ஓவர்சியர் ரொம்ப ஒழுங்கான மனுஷர். தீர்மானம் என்று ஒன்று கையில் வந்தால் அவருக்கு அது வேதம். இரண்டு தீர்மானம் வந்ததால் இரண்டு பக்கமும் தோண்ட ஆரம்பித்தார். கிழக்கே இருந்து மேற்குப் பார்த்து ஒரு சரிவு. மேற்கே இருந்து கிழக்குப் பார்த்து ஒரு சரிவு. இரண்டு வார்டும் கைதட்டின. தங்கள் தெருத் தண்ணீர் தங்களை விட்டுப் போகிறது என்ற சந்தோஷத்தில், அது எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு நாள் ஓவர்சியர் தலையைச் சொறிந்துகொண்டு சேர்மன் வீட்டு வாசலில் நின்றார். நானும் ஒரு கையெழுத்துக்காக அங்கே இருந்தேன்.

“சார், ரெண்டு சைடும் நேரா வந்து உங்க கிரவுண்டு சுவத்தாண்ட முட்டுது. தொட்டி கட்ட வேற எடமும் இல்ல. மழை வேற வருது. இன்னா பண்றது சார்?”

சேர்மன் மைதானத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. கையில் இருந்த மஞ்சள் பந்தை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“சரி” என்றார்.

அவருக்குப் புரிந்துதான் சொன்னாரா, பழக்க தோஷத்தில் சொன்னாரா? அன்று நான் எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. ஓவர்சியர் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து வலையை அவிழ்த்துவிட்டார்கள். சேர்மன் மனைவி வாசலில் நின்று, “ஏங்க! உங்க மைதானத்துல பள்ளம் தோண்டுறாங்க! வாயைத் திறந்து வேணாம்னு சொல்லுங்களேன்!” என்று அலறினார். அதற்கும் “சரி” என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

மழை கொட்டியது. கிழக்கில் தண்ணீர் நிற்கவில்லை. மேற்கில் நிற்கவில்லை. ஊர்ச் சாக்கடை பூராவும் கோலாகலமாகக் கிளம்பி, சேர்மன் வீட்டுப் பூப்பந்து மைதானத்தில் வந்து சேர்ந்தது. அம்பயர் ஸ்டூல் ஒரு மூலையில் மிதந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். அந்த வீட்டில் காப்பி குடிக்க வந்தவர்கள் எல்லாம் திடீரென்று காப்பியை விட்டுவிட்டார்கள்.

மழை விட்ட பிறகு அவசரக் கூட்டம். அந்த ஊர் சரித்திரத்தில் முதல் தடவையாக முத்துசாமியும் ஹெட்மாஸ்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது.

“பாவம் சார் சேர்மன். பேஜாராப் போச்சு. அவரு ஆடிகினு இருந்த எடம் சார் அது!” என்றார் முத்துசாமி.

“எஸ், எஸ். வி ஆர் ஆல் ஆஷேம்ட்” என்றார் ஹெட்மாஸ்டர்.

இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். இந்தச் சாக்கடையை இப்போதே அடைத்துவிடுவது. தொட்டியை மூடி மண் கொட்டி, மைதானத்தைச் சேர்மனிடம் ஒப்படைப்பது. ஊருக்கு வெளியே போகும் பழைய திட்டத்துக்குச் சர்க்காரிடம் பணம் கேட்பது. வருகிறபோது வரட்டும்.

பஜ்ஜி வாசலுக்கு வந்துவிட்டது. நான் படித்து முடித்தேன். சேர்மன் வழக்கம்போல், “ஆட்சேபணை உண்டா?” என்றார். ஒரு சத்தம் இல்லை. ஆட்சேபிக்க யாருக்கு மனசு வரும்? நான் ‘நிறைவேறியது’ என்று பாதி எழுதிவிட்டேன்.

“எனக்கு உண்டு” என்றார் சேர்மன்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேள்வி கேட்டவரே பதிலும் சொல்கிறாரே!

“சார், இது உங்களுக்கு நல்லது பண்றதுக்குத்தான்...” என்று ஹெட்மாஸ்டர் இழுத்தார்.

“தெரியும் சார். பணம் எப்ப வரும்? அடுத்த மழைக்குள்ள வருமா? இதை அடைச்சா டீச்சர் வீட்டுத் தண்ணி எங்க போகும்? இந்த மழையிலதான் அந்தம்மா அடுப்பைத் தரையில வெச்சு சமைச்சாங்களாம். நான் சரின்னு சொல்லியிருக்கேன்.” மேஜைமேல் இருந்த காகிதங்களைப் புரட்டினார். சொல்ல வந்த வார்த்தை அவருக்குப் பழக்கம் இல்லை, எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்: “முடியாது.”

பியூன் தட்டைக் கீழே போட்டான். அன்றைக்கு யாரும் பஜ்ஜி சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போனேன். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டுதான் போனேன், பொய் சொல்வானேன். மனுஷர் தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். கையில் மட்டை. ஆடுகிற நேரம் அது. ஆட இடம் இல்லை. என்னைப் பார்த்ததும் தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிற பையன் போல முழித்தார்.

“ஏம்ப்பா, நேத்து எல்லார் எதிர்லயும் முடியாதுன்னு சொல்லிட்டேனே. மனசு கேக்கல. ஏதோ பண்ணிட்ட மாதிரியே இருக்கு. நான் சொன்னது சரியா?”

அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வார்த்தையை அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒருத்தராவது வேண்டாமா? கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“சரி சார்” என்றேன்.