காந்தாரத்துப் பட்டையை நான் காப்பாற்றிய விதம்

கெடுக்க வந்தவன் பாதிதான் கெடுப்பான். உதவி செய்ய வந்தவன் மிச்சமே வைக்கமாட்டான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே செய்து காட்டினேன்.

போடிநாயக்கனூருக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துப் பங்களாவில், வடமேற்கு எல்லையில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்தார். அந்த எல்லைப் பக்கத்தில் ஒரு மண்பானைக்குள் கிடைத்த பூர்ஜ மரப்பட்டைச் சுருளை உயிராக வைத்திருந்தார். பழங்காலத்துப் புத்த பிட்சுகள், காந்தார தேசத்தில் வழங்கிய காந்தாரி மொழியில் மசிகொண்டு எழுதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று உயிரோடிருக்கும் ஒருவருக்கும் தெரியாது. வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்தைக் கற்கவே அவருக்கு ஆறு வருஷம் பிடித்ததாம். "இதைப் படிக்காமல் சாகமாட்டேன்" என்பார். அவருக்கு நகல் எடுக்கும் குமாஸ்தா நான். (மெட்ரிகுலேஷன் தேறியவன். திமிருக்குக் கேட்க வேண்டுமா?)

ஐப்பசி அடைமழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்தத் தகரப் பெட்டியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுத் துரை பக்கத்துத் தோட்டத்துக்கு விருந்துக்குப் போனார். சற்று நேரத்தில் பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. திறந்தால், ஐயோ! ஈரத்துணிக்குள் சுருள் நனைந்து கிடக்கிறது! கூரை ஒழுகியிருக்கிறது, பட்லர் பார்க்கவில்லை என்று நானே முடிவு கட்டினேன்.

போடிக்காரனுக்கு ஒரே சாஸ்திரம்தான்: நனைந்ததை உடனே காயவை, இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். பெட்டியைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு, விறகு எரித்து ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு ஓடினேன். அடுப்புக்குப் பொறுப்பு இருளாண்டி அண்ணன்.

"அண்ணே, தொரையோட பட்டை நனைஞ்சுபோச்சு. வெரசா காயணும்!"

"கொண்டா அப்பு. பச்சைக் காயையே காயவைக்கிறோம், இது ஒரு சோலியா? ரெண்டு மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிரும்."

சொன்னபடியே ஆயிற்று.

மாலையில் துரை வந்தார். "சார், காப்பாற்றிவிட்டேன்!" என்று பெட்டியை நீட்டினேன். (சம்பள உயர்வுக்கே மனதில் மனுப்போட்டிருந்தேன்.) அவர் விரலால் தொட்டார். பந்தியில் அப்பளம் நொறுங்குமே, அந்தச் சத்தம் கேட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் நனைத்தேன். மூன்று நாளாக. ஈரம் ஏறினால்தான் பட்டை இளகும். நாளைக்குப் பிரித்திருப்பேன்."

வாசலில் நின்ற இருளாண்டி அண்ணன், "என்ன அப்பு, நல்லாத்தானே காஞ்சிருக்கு? தொர ஏன் கீழ உக்காந்துட்டாக?" என்றார்.

வேலையைவிட்டு நீக்கியிருந்தால் தப்பித்திருப்பேன். நீக்கவில்லை. நான்கு மாதம் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து தூளைப் பொறுக்கினோம். கடைசியில் கட்டைவிரல் நகமளவு ஒரே ஒரு துண்டில் எழுத்து தெரிந்தது. துரை பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"'அதன் பிறகு' என்று இருக்கிறது."

"அதன் பிறகு, சார்?" என்று ஆவலாகக் கேட்டுத் தொலைத்தேன்.

அவர் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அடுத்த வருஷமே சீமைக்குப் போனார். அங்கே அதைப் படிக்காமலே கண்ணை மூடினார் என்று கடிதம் வந்தது.

இப்போது நான் ஓடாத கடிகாரத்தைத் தொட்டால் போதும். என் மனைவி முதல் கடைக்குட்டி வரை, "அதன் பிறகு?" என்று ஒரே குரலில் கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்று இருந்தது. உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் இருந்தது. அதைத்தான் நான் காயவைத்தேன்.