மாமனாரின் கட்டைவிரலும் என் கைநூலும்

புதிதாக நூல் நூற்கக் கற்றவர்கள் துக்க வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டும். நான் நூலோடு நின்றேன். அதுவும் சொந்த மாமனார் செத்த வீட்டில்.

பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் காட்டில் விளைந்த பருத்தியில் ஒரு மூட்டையை அந்த வருடம் எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். பெட்டி ராட்டை ஒன்றைத் தபாலில் வரவழைத்து, யூடியூபைப் பார்த்து நாலு மாதம் நூற்றேன். என் நூல் ஓரிடத்தில் தாம்புக்கயிறு, அடுத்த சாணில் தலைமுடி. (என் கணவர் அதற்கு வைத்த பெயர் ‘பஞ்சுப்புழு’.) நூற்பதைவிட, நூற்றதை என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. பின்னிய கைக்குட்டை முதல் அலசலிலேயே வாளியில் கரைந்தது. சிறுவாச்சூர் கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவிடம் ஓர் உருண்டை கொடுத்தேன்.

“ஏம்மா, நான் பூவக் கட்டுறதா, அந்துபோற நூலக் கட்டுறதா?” என்று அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரத்தில்தான் மாமனார் காலைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே சரிந்து போய்ச் சேர்ந்தார். டாக்டர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். கூடத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள்.

“கால் கட்டைவெரலச் சேத்துக் கட்டணும். ஒரு துணி கிழிச்சுட்டு வாங்க” என்றார் சின்ன மாமா, மாமனாரின் தம்பி.

“எங்கிட்ட நூல் இருக்குங்க!” என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலில் துக்கமே இல்லை. நானே ரெண்டு சுற்றுச் சுற்றி, அழகாக முடிச்சும் போட்டேன்.

மதியம் உடையார்பாளையத்திலிருந்து மாமனாரின் தங்கை வந்தார். கனத்த உடம்பு. “அண்ணே!” என்று அலறிக் காலில் விழுந்து கட்டிக்கொண்டார். நூல் அறுந்தது. ஒரு கால் பெஞ்சிலிருந்து சரிந்து, கீழே இருந்த சொம்பை உதைத்தது. சொம்பு கூடம் முழுக்க உருண்டது.

ஒப்பாரி நின்றது.

“உசுரு இருக்கு! எந்திரிக்கிறாங்க பாருங்க!” என்று கத்தியது என் மாமியார்; அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். “டாக்டரக் கூட்டியாங்கடா!”

ரெண்டு பேர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். அத்தை, மாமனாரின் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தார். “எனக்குத் தெரியும், என்னைய வுட்டுட்டுப் போவ மாட்டாங்க” என்று சிரிக்க வேறு செய்தார். கட்டைவிரலில் என் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். இனி சொல்ல வேண்டியதும் நான்தான்.

“அத்தே... நூலு அந்துடுச்சு. நான் நூத்த நூலு.”

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். டைல்ஸ் தரை, அசையவில்லை. அத்தை மட்டும் திரும்பவில்லை. டாக்டர் வந்து இரண்டாம் முறை உதட்டைப் பிதுக்கும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சின்ன மாமா பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

ஒரு வருடம் அத்தை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வருஷத் திதியன்று பந்தியில் நாத்தனார் என்னைக் குத்திக்காட்டத் தொடங்கியதும்தான் பேசினார்.

“அவள ஏண்டி ஏசுற? ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் புருசன் ஒரு தடவதான் சாவான். எனக்கு இவ புண்ணியத்துல ரெண்டு தடவ.”

பந்தியே சிரித்தது. அதிலிருந்து, யார் விருந்தாளி வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வது அத்தைதான். “எந்திரிக்கிறாங்க பாருங்க” என்று அவர் நடித்துக் காட்டும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் மட்டும் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விடுவேன்.