பெப்பர்மின்ட் கொடுத்தவரைப் பிடித்து வைத்த கதை

ஒரு அரசாங்க அதிகாரியை வேப்பமரத்தடியில் தரையில் உட்கார வைத்து, "பையைத் திறந்து காட்டுங்க" என்று மிரட்டிய பெண்ணைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் பல வருடங்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் நான்தான். இனி மறுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பென்ஷன் வாங்க ஆரம்பித்தே வெகுகாலம் ஆயிற்று. யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு அகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வேலை கிடைத்தது. ஓராசிரியர் பள்ளி. அதாவது ஹெட்மாஸ்டர், டீச்சர், மணி அடிப்பவர், பூட்டைத் திறப்பவர் எல்லாமே நான்தான். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள். திண்டுக்கல் பேகம்பூரில் இருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். தோல் மண்டியில் வேலை பார்த்த என் அத்தா, அதாவது அப்பா, தினமும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "நம்ம பிள்ளை, பார்த்து இறக்கி விடுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போவார். (மூன்றாவது மாதம் கண்டக்டரே, "பாய், எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.)

பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் செவ்வந்தித் தோட்டங்களும் வெங்காய வயல்களும். அவற்றுக்கு நடுவே சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள். ஊர் மெயின் ரோட்டில் இருந்து அரை மைல் உள்ளே இருந்தது.

என் பள்ளியிலேயே சின்னவள் செல்லம்மா. ஆறு வயது. அப்பா இல்லாத பிள்ளை. அவளுடைய அம்மா கருப்பாயி பூப் பறித்துத் திண்டுக்கல் கொண்டுபோய் விற்பவள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது, யாரோ ஒரு வண்டிக்காரர் ஒரு துண்டுக் கரும்பைக் காட்டி "ஏறிக்கிறியா?" என்று கேட்க, செல்லம்மா ஏறிவிட்டாள். தாடிக்கொம்பு போன பிறகுதான் "எங்க வீடு இந்தப் பக்கம் இல்லையே" என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நல்லவேளை, வண்டிக்காரர் நல்ல மனிதர். பொழுது சாய்வதற்குள் அவரே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அதற்குள் கருப்பாயி ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்து அழுது முடித்திருந்தாள்.

மறுநாள் இதைக் கேள்விப்பட்டதும் எனக்குள் ஒரு வீராங்கனை எழுந்து நின்றாள். எல்லாரும் அந்த வண்டிக்காரரைப் போல இருப்பார்களா? பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன். "வாங்காதே! போகாதே! கத்து! ஓடு!" என்று நானே ஒரு பாட்டுக் கட்டினேன். தெரியாத ஆள் எதைக் கொடுத்தாலும் வாங்காதே, எங்கே கூப்பிட்டாலும் போகாதே, கிட்ட வந்தால் கத்து, உடனே ஓடு. தினமும் காலையில் இறைவணக்கம் முடிந்ததும் இதுதான். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டில் அடுப்புக்கரி வாங்கி மீசை வரைந்துகொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நானே "தெரியாத ஆள்" ஆக நடித்தும் காட்டினேன். நான் பிள்ளைகளின் பக்கத்தில் போய், "பாப்பா, மிட்டாய் வேணுமா?" என்று கேட்பேன். முப்பத்தெட்டுத் தொண்டையும் சேர்ந்து கத்தும். வெங்காய வயலில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். முதல் வாரம் மெதுவாகக் கத்திய செல்லம்மா, மூன்றாவது வாரம் எல்லாரையும் தோற்கடித்தாள். நான் பூரித்துப்போனேன்.

அந்த நாள் வந்தது.

வழியில் பஸ் டயர் பஞ்சர். முக்கால் மணி நேரம் தாமதம். சாவி என் கையில். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் காத்துக்கொண்டிருப்பார்களே என்ற பதற்றத்தில், ரோட்டில் இறங்கியதும் வண்டிப் பாதையில் போகாமல் வரப்பு வழியாகக் குறுக்கே ஓடினேன். பள்ளிக்கூடத்தை நெருங்கியபோது பிள்ளைகள் ஒருவரையும் காணோம். மரத்தடியில் மண்வெட்டியோடு ஏழெட்டு ஆண்கள். நடுவில், தரையில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். பக்கத்தில் ஒரு சைக்கிள் படுத்துக்கிடந்தது.

"டீச்சரம்மா, பிடிச்சுட்டோம்!" என்றார் வெங்காய வயல்காரர் மாயாண்டி. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நீங்க சொல்லிக் குடுத்தது வீண் போகல. இந்தாளு பிள்ளைககிட்ட பெப்பர்மின்ட்ட நீட்டியிருக்கான். நம்ம செல்லம்மாதான் மொதல்ல கத்துனா. அம்புட்டுப் பிள்ளையும் கத்திக்கிட்டு ஓடிருச்சுக."

"ஏனுங்க, நான் இன்ஸ்பெக்டருங்க" என்றார் தரையில் இருந்தவர்.

"இதையேதான் சொல்றான். இன்ஸ்பெக்டர்னா காக்கிச் சட்டை எங்க? பேச்சே வேற ஊருப் பேச்சா இருக்கு. டீச்சரம்மா, நீங்க படிச்சவுக. இந்தாள உங்களுக்குத் தெரியுமா?"

அவரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?

"தெரியாது" என்றேன்.

சொன்னதோடு நின்றேனா? துணைக்கு எட்டு மண்வெட்டி இருக்கும் தைரியத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பையைத் திறந்து காட்டுங்க" என்றேன். (என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.)

அவர் திறந்தார். மேலே ஒரு வேட்டி. அடியில் ஒரு பொட்டலம் பெப்பர்மின்ட். அதற்கும் அடியில், பூப்போட்ட சின்னஞ்சிறு கவுன் ஒன்று.

"பாத்தீகளா! சின்னப் பிள்ளை கவுனு!" என்று மாயாண்டி அலறினார்.

"எம்பட மகளுக்கு எடுத்ததுங்க" என்றார் அவர். "நெய்க்காரப்பட்டிங்க நமக்கு. சனிக்கிழமை ஊருக்குப் போகோணும். பைக்குள்ள ஒரு காகிதக் கட்டு இருக்குது பாருங்க. அதையும் ஒருக்கா எடுத்துப் பார்த்துருங்க."

எடுத்தேன். பழுப்புக் காகித உறை. மேலே அழகான கையெழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. ஜமீலா. என் பெயர். அதன் கீழே பள்ளியின் பெயர். அதற்கும் கீழே, "தகுதிகாண் பருவம் குறித்த ஆய்வு".

அவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். என் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று முடிவு செய்வதற்காக வந்தவர்.

நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சார்... சார்..." என்றேன். என்ன நடந்தது என்று புரிந்ததும் மாயாண்டி மண்வெட்டியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. முதல்ல பிள்ளைகளை எண்ணுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மேல் இருந்த கவனத்தில், பிள்ளைகள் எங்கே ஓடினார்கள் என்று நாங்கள் ஒருவருமே யோசிக்கவில்லை.

மணியை எடுத்து அடித்தேன். செவ்வந்திப் பாத்திக்குள் இருந்தும், வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தும், ஒரு மாட்டுத் தொட்டிக்குள் இருந்தும்கூட ஒவ்வொன்றாக வந்தன. எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன். முப்பத்தேழுதான்.

செல்லம்மா இல்லை.

அடுத்த அரை மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் வேடிக்கையாகச் சொல்ல முடியாது. ஆண்கள் ஒவ்வொரு கிணறாக ஓடினார்கள். இரண்டு பேர் துணியோடு உள்ளே குதித்தார்கள். நான் செருப்பில்லாமல் தோட்டம் தோட்டமாக ஓடி, "செல்லம்மா! செல்லம்மா!" என்று கத்தினேன். ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பிறகு திறந்து பார்ப்பேன். கருப்பாயி பூ விற்கப் போயிருந்தாள். அவள் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? கரும்புக்கு ஏமாந்து போன பிள்ளைகூடப் பத்திரமாகத் திரும்பி வந்தது, நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளை தொலைந்துவிட்டது என்றா?

"ரோட்டுல இருக்கு! பிள்ள ரோட்டுல இருக்கு!" என்று யாரோ வண்டிப் பாதையில் இருந்து குரல் கொடுத்தார்கள்.

ஓடினேன். பஸ் நிற்கும் இடத்தில் இருந்த மைல்கல்லை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். அவளிடம் இருந்து இருபது அடி தள்ளி, கொளுத்தும் வெயிலில், சைக்கிளைப் பிடித்தபடி இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். அவளைத் தேடிச் சைக்கிளில் வந்தவர், கண்டதும் கிட்டே போயிருக்கிறார். அவள் கத்தியிருக்கிறாள். உடனே பின்வாங்கி, வருகிற லாரிகள் ஒதுங்கிப் போகும்படி நடு ரோட்டில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, அங்கேயே நின்றுவிட்டார்.

"நான் கிட்ட வரலீங் கண்ணு. உங்க டீச்சர் வர்றாங்க பாரு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

செல்லம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "டீச்சர், நான்தான் ரொம்ப சத்தமாக் கத்துனேன்!" என்றாள்.

"இங்க எதுக்குடி வந்த?" என்றேன் அழுதுகொண்டே.

"ஓடுன்னு சொன்னீக. எங்க ஓடணும்னு சொல்லவே இல்லையே. அம்மா திண்டுக்கல்லு போயிருச்சு. நீங்க பஸ்ஸுல வருவீகள்ல, அதான் இங்க வந்தேன்."

மூன்று வாரம் மீசை வரைந்து நடித்த எனக்கு அது ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. காலிக் கூடையோடு கருப்பாயி இறங்கினாள். அழுகிற டீச்சர், அழுகிற மகள், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு ஆள். கூடையைக் கீழே போட்டாள். "ஏ யாருய்யா நீ? எம்பிள்ளைய என்னய்யா செஞ்ச?" என்று ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் மாட்டியிருந்த பையை எடுத்து, தானாகவே திறந்து காட்டினார்.

அன்று மதியம் அவர் உட்கார்ந்து பார்க்க, நான் பாடத்தைத் திருத்தினேன். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, அம்மா இல்லையென்றால் யார் வீட்டுக்கு ஓடுவேன் என்று சொன்னது. செல்லம்மாவுக்கு மாயாண்டியின் வீடு. கிணற்றுப் பக்கம் ஓடக்கூடாது, ரோட்டுப் பக்கமும் ஓடக்கூடாது. மரத்தடியில் நின்ற பெரியவர்களும் கேட்டுக்கொண்டு, "எங்க வீட்டுக்கு எந்தப் பிள்ளையும் வரலாம்" என்றார்கள். கடைசியில் செல்லம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் அவர் கையில் இருந்த பெப்பர்மின்ட்டை வாங்கினாள்.

ஆய்வுப் புத்தகத்தில் அவர் எழுதியது எனக்கு இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது: "மாணவர்களின் குரல் வளம் மிகவும் திருப்தி. ஓடும் திசையில் ஆசிரியை இன்று கவனம் செலுத்தியுள்ளார். பணி நிரந்தரம் செய்யலாம்."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. (சொன்னால் மறுநாளே அத்தா வேலையை விடச் சொல்லியிருப்பார்.) ஆனால் அன்று ரோட்டில் நின்ற பஸ்ஸில் அதே கண்டக்டர் இருந்தார். இரண்டே நாளில் பேகம்பூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அத்தா என்னைக் கூப்பிட்டு, "அந்த மனுசர் கிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். கேட்டேன் என்றேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளை வேடசந்தூர். அந்தக் கதை அங்கே வரை போயிருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பகலில், சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் சாப்பிடப் போன நேரத்தில், அவர் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"நான் தெரியாத ஆளுதான். தயவுசெஞ்சு கத்திராதீங்க."

கத்தவில்லை. மூன்று பிள்ளைகள், ஆறு பேரப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். இப்போதும் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் முற்றும்போதெல்லாம் பெரிய மகன் கூடத்தில் இருந்து குரல் கொடுப்பான்: "அம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. கத்திட்டு ஓடிருங்க. ஆனா எங்க ஓடப்போறீகன்னு மட்டும் சொல்லிட்டு ஓடுங்க."