கொம்புச் சாமியின் களையெடுப்பு

"பிள்ளை வளந்திட்டாள்" என்று சொல்லி, இரவீந்திரன் மகளின் சைக்கிள் இருக்கையை இரண்டு விரல் உயர்த்திப் பூட்டினான். பிறகு வேலைக்குப் போனான். சுவிஸின் பீல் நகர மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், மத்தியானத்துக்கு முன்பே, அவன் நெஞ்சு நின்றுவிட்டது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும், உறவுகள் அவன் மனைவி ஜெயகௌரியை, மான்கொம்பை வைத்துக் குறி சொல்லும் கொம்புச் சாமியிடம் இழுத்துப் போனார்கள். 2006இல் சுவிஸ் தமிழர் பாதிப்பேர் அங்கேதான் கிடந்தார்கள். லீவு எடுத்து, ரயிலேறி, வரிசையில் நின்று! சாமியின் பழைய பெயர் சிவலிங்கம். பழைய தொழில், ஹோட்டலில் வெங்காயம் உரிப்பது. கண்ணீர் அவருக்குப் புதிதல்ல.

சாமி மான்கொம்பை அவள் தலைக்குமேல் சுழற்றினார்.

"இந்த நாட்டுக் காட்டில கோணல் கொம்பு மானைச் சுட்டுத்தான் இனத்தைத் திருத்திறாங்கள். விஞ்ஞானம்! உன்ர வீட்டுக் கோணல் கொம்பு, உன்ர மகள். அவளாலதான் தகப்பன் போனவன். அவளைக் கனடாவுக்குச் சொந்தக்காரரிட்ட அனுப்பு. இல்லாட்டி அடுத்தது நீ."

"ஓம் சாமி!" என்றது கூட்டம், அவளுக்கும் சேர்த்து.

மகள் லக்சனாவுக்கு வயது பதினான்கு. ஜெயகௌரி அலுமாரிக்கு மேலிருந்த பயணப் பெட்டியைக்கூட இறக்கிவிட்டாள். மறுநாள், தான் வேலை செய்யும் மான் பூங்காச் சிற்றுண்டிச்சாலையில், சுவரிலிருந்த கொம்புகளைத் தூசு தட்டியபோதுதான் கை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பையோடு சாமியிடம் வந்தாள். கிளையே இல்லாத, ஒரு சாண் கொம்பை நீட்டினாள்.

"சாமி, இந்த மானை என்ன செய்யலாம்?"

"சீ! கீழான வித்து. உடனே சுட வேணும்."

"இது?" இரண்டு முழம், ஆறு கிளை.

சாமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ராச வித்து! இதாலைதான் இனம் தழைக்கும்."

"ரெண்டும் ஒரே மானின்ரை, சாமி. அடியில பூங்காக்காரர் எழுதின இலக்கத்தைப் பாருங்கோ. மான் வருசாவருசம் கொம்பு உதிர்க்கும். இது ரெண்டு வயசில விழுந்தது, அது ஒன்பதில. வயசும் தீனியும் வளத்த கொம்பு. முதல்லயே சுட்டிருந்தா உங்கட ராசா எங்கை?"

இலக்கம் கைக்குக் கை போனது. இரண்டிலும் பதினேழு.

"அது... அடைச்சு வளத்த மான். காட்டு மானுக்கு வேற கணக்கு!" என்றார் சாமி.

"காட்டு மானுக்குக் கொம்பு விழாதோ? சரி, வித்தில அரைவாசி தாயிட்ட இருந்து வருது. பெண்மானுக்குக் கொம்பே இல்லை. எதைப் பாத்துச் சுடுவியள்?"

"சாமிக்கும் கொம்பில்லை!" என்றது பின்வரிசை. கூரை அதிரச் சிரிப்பு.

சாமிக்கு ஷாஃப்ஹவுசன் நகரில் திடீரென்று பூசை வந்துவிட்டது. கொம்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

எல்லோரும் சிரித்தார்கள். போன மாதம் சாமி சொன்னாரென்று தங்கையைக் கனடாவுக்கு அனுப்பிவைத்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தலைக்குமேல் எதையாவது சுழற்ற வருகிறவரிடம், தலைக்குள் இருப்பதை முதலில் சுழற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். அதற்கு வரிசையில் நிற்கவும் தேவையில்லை.

திங்கட்கிழமை லக்சனா சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாள். இருக்கை, அப்பா பூட்டிய உயரத்திலேயே இருந்தது.